தீயின்றிச் சூடேறிய நீர்

நம் இல்லங்களின் குளியலறைச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் மின்சார வெந்நீர்க் கலத்தைக் ‘கீசர்’ என்கிறோம். இதனை ஆங்கிலச் சொல் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் இது வட அட்லாண்டிக் கடலின் ஐஸ்லாந்துத் தீவிலிருந்து வந்த சொல். நிலத்தடியிலிருந்து கொதிநீரை வானோக்கிப் பீறிட்டெறியும் ஓர் ஊற்றுக்கு அத்தீவினர் இட்ட பெயர் அது. 1868-ஆம் ஆண்டில் லண்டனில் வண்ணம் தீட்டும் தொழில் செய்துவந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், எரிவாயுத் தீயால் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்து அதற்கு அவ்வூற்றின் பெயரைச் சூட்டினார். அக்கருவியில் புகை வெளியேறக் குழாய் இல்லை. மூடிய அறையில் எரிவாயுவின் நச்சுக்காற்று நிறைந்து, குளிக்கப் போனவருக்கே ஆபத்தாக முடியக்கூடிய அமைப்பு அது. ஆக, கீசர் எனும் பெயர் முதலில் தீயோடும் நச்சுக்காற்றோடும் பிறந்து, பின்னரே மின்சாரக் கலத்துக்கு உரியதாயிற்று. பெயர் ஒன்றாயினும் வரலாறு வேறு. தீயே இல்லாமல் நீரைச் சூடாக்கலாம் என்று மனிதன் அறிந்துகொண்ட கதையை வேறோரிடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரையடுத்த சால்ஃபோர்டு என்னும் ஊரில், பீர் காய்ச்சும் ஆலை முதலாளி ஒருவருக்கு 1818-இல் பிறந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். அவருடைய குடும்பத் தொழில் நமக்கு விலக்கப்பட்ட தொழில்தான். எனினும் அவ்வாலையில் வெப்பமானியைக் கண்ணுங்கருத்துமாக நோக்கப் பழகிய பழக்கமே அவருக்குப் பிற்காலத்தில் கைகொடுத்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கருதுவர். 1840-இல், இருபத்திரண்டு வயது நிறைவதற்கு முன்பே, கம்பிச் சுருளொன்றை நீர் நிறைந்த சாடியில் அமிழ்த்தி, அதனூடே மின்கலத்தின் மின்னோட்டத்தைச் செலுத்தி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார். மின்னோட்டத்தை இரு மடங்காக்கினால் வெப்பம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகிறது என்றும், கம்பியின் மின்தடை கூடினால் வெப்பமும் அதே விகிதத்தில் கூடுகிறது என்றும் கண்டார். 1841-இல் இது அச்சேறியது. ரஷ்யாவில் லென்ஸ் என்னும் அறிஞரும் தனித்து ஆய்ந்து 1842-இல் இதே முடிவை வெளியிட்டார்.

அந்தச் சாடியைச் சற்று மனக்கண்ணால் நோக்குங்கள். நீர், அதனுள் ஒரு கம்பிச் சுருள், இரு முனைகளிலும் மின்சாரம். இன்று கடைத்தெருவில் வாங்கி வாளியில் தொங்கவிடுகிறோமே ‘ராடு ஹீட்டர்’, அதன் முழு அமைப்பும் அங்கேயே இருக்கிறது. ஆனால் ஜூல் வெந்நீருக்காக அதைச் செய்யவில்லை. வெப்பம் என்பது பொருளுக்குப் பொருள் ஓடிச்செல்லும், கண்ணுக்குப் புலப்படாத ஒரு நீர்மம் என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் நம்பிக்கை. 1843-இல் ஜூல், நீர்க்குழலுக்குள் வைத்த ஒரு கம்பிச் சுருளைக் காந்தங்களுக்கிடையே சுழற்றினார். மின்கலம் எதுவும் இணைக்கப்படாத நிலையிலும் நீர் சூடேறிற்று. எங்கிருந்தும் ஓடிவராத வெப்பம் அங்கே புதிதாகத் தோன்றிற்று. சுழற்றிய உழைப்பே வெப்பமாயிற்று என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கமில்லை. ஒரு பவுண்டு நீரை ஃபாரன்ஹீட் அளவில் ஒரு பாகை சூடேற்ற, ஒரு பவுண்டு எடையை ஏறக்குறைய 772 அடி உயர்த்தும் உழைப்பு வேண்டும் என்று பின்னர்க் கணக்கிட்டார். 1889-இல் காலமான அவருடைய கல்லறைக் கல்லில் 772.55 என்னும் எண்ணையே பொறித்திருக்கிறார்கள். ஓர் எண்ணைக் கல்லறையில் பொறிக்கும் அளவுக்கு அது அவருடைய வாழ்நாள் உழைப்பாக இருந்தது.

அறிவியல் உண்மை கிடைத்துவிட்டது, வெந்நீர் கிடைத்ததா? இல்லை. 1859-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் சிம்ப்சன் என்பவர், பிளாட்டினக் கம்பிச் சுருளை மின்கலத்தால் சூடாக்கி அறையை வெதுவெதுப்பாக்கவும், நீரைக் கொதிக்கவைக்கவும், உணவு சமைக்கவும் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணம் சரியானதே. ஆனால் அக்காலத்து மின்கலம் துத்தநாகத்தைக் கரைத்தே மின்சாரம் தந்தது. துத்தநாகத்தைத் தின்னக்கொடுத்து வெந்நீர் வைப்பதைவிட நிலக்கரியை எரித்து வைப்பது பன்மடங்கு மலிவு. விலையுயர்ந்த கம்பிக்கு விலையுயர்ந்த மின்சாரம்! சிம்ப்சனின் கருவி காப்புரிமைத் தாளோடு நின்றுபோனதில் வியப்பில்லை.

டைனமோ எனும் மின்னாக்கி வளர்ந்த பின்னரே நிலைமை மாறிற்று. 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அது விளக்குக்காக வந்த மின்சாரம். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் மட்டும் எந்திரங்கள் முழுமூச்சாய் ஓடும். பகலெல்லாம் பெரும்பகுதி சும்மா கிடக்கும். போட்ட முதல் பகலிலும் வருவாய் தரவேண்டும் என்று மின் நிறுவனங்கள் விரும்பின. இஸ்திரிப் பெட்டியும் மின்கெண்டியும் வீட்டுக்குள் நுழைந்ததற்கு இல்லத்தரசியரின் விருப்பம் ஒரு காரணமென்றால், இந்த வணிகக் கணக்கு அதைவிடப் பெரிய காரணம் என்பது எமது கருத்து.

இக்கட்டத்தில் வருபவர் க்ராம்ப்டன். இப்பெயரை நம்மவர் மின்விசிறியில் படித்திருப்பார்கள். ரூக்ஸ் ஈவ்லின் பெல் க்ராம்ப்டன் 1845-இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். இளமையில் படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்து, 1870-களின் தொடக்கத்தில் பஞ்சாபின் பெருஞ்சாலையில் நீராவி வண்டிகளை ஓட்டிக்காட்டியவர். தாயகம் திரும்பி 1878-இல் செம்ஸ்ஃபோர்டு நகரில் மின்கருவித் தொழிலைத் தொடங்கினார். 1890-களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனமும், அமெரிக்காவில் கார்ப்பென்டர் நிறுவனமும் மின்கெண்டிகளை விற்பனைக்குக் கொணர்ந்தன. யார் முதல்வர் என்பதில் இரு நாட்டு நூலாரும் இன்றும் தத்தம் பக்கமே பேசுவர். அவ்வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் முழு மின்சாரச் சமையலறை ஒன்றையே அமைத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி மின்னிணைப்புத் தந்து, நீர் கொதிப்பதை மக்களுக்குக் காட்டினார்கள்.

பார்த்தவர்கள் வியந்தார்கள், வாங்கியவர்கள் வருந்தினார்கள். அன்றைய கெண்டியில் சூடேற்றும் கம்பி நீருக்குள் இல்லை. அடித்தட்டுக்குக் கீழே தனி அறையில், எனாமல் பூச்சுக்குள் புதைந்திருந்தது. வெப்பத்தில் இரும்பு ஓர் அளவு விரியும், எனாமல் வேறோர் அளவு விரியும். விளைவு, பூச்சு வெடிக்கும். வெடித்த இடத்தில் காற்றுப் புகுந்து கம்பி எரிந்தறும். போதாதற்குக் கீழே பிறந்த வெப்பத்தில் ஒரு பகுதி நீரை அடையாமல் மேசைக்கே போயிற்று. அடுப்பின் மேல் பானை வைக்கும் பழைய வழக்கத்தையே மின்சாரத்திலும் பின்பற்றியதன் பயன் அது. நம் ஊர்த் தேநீர்க் கடைப் பாய்லரையும் ரஷ்யரின் சமோவரையும் செய்த கன்னார்கள் இவ்வகையில் கெட்டிக்காரர்கள். நடுவே கரிக்குழாயை நிறுத்தி அதைச் சுற்றிலும் நீரை நிரப்பினார்கள். நெருப்பின் பக்கங்களெல்லாம் நீரையே தொட்டன.

கம்பியின் சிக்கலைத் தீர்த்தவர் ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர். செந்தணலாய்ச் சூடேறும்போது இரும்புக் கம்பி காற்றுப்பட்டுத் துருவாகி உதிரும்; பிளாட்டினம் உதிராது, ஆனால் அதன் விலை பொன்னுக்கு நிகர். மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற அளவில் உருக்கிக் கலந்தார். 1906-இல் காப்புரிமை பெற்ற இக்கலவையே பின்னர் ‘நிக்ரோம்’ எனப்பட்டது. செம்பைவிட இதன் மின்தடை சுமார் 60 மடங்கு. சூடேறியதும் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம் ஒன்று தோன்றி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. தன்னைச் சுடும் காற்றையே தனக்குப் போர்வையாக்கிக்கொள்ளும் கம்பி இது. இதற்குப் பின்னரே மின்சாரச் சூடேற்றி நீடித்து உழைக்கும் பொருளாயிற்று. 1909-இல் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்துக்காகப் பீட்டர் பேரன்ஸ் என்ற கலைஞர் வடிவமைத்த மின்கெண்டிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம்.

நீர் மட்டுமா? தச்சுப்பட்டறையிலும் நூல் கட்டும் கூடத்திலும் பசை காய்ச்சும் மின்கலங்கள் வந்தன. தீயில் வைத்தால் அடிப்பிடித்துக் கெடும் பசைக்கு மிதமான சூடு மிகப் பொருத்தமாயிற்று. குழந்தைக்குப் பால் வெதுப்பவும், முகம் மழிக்க ஒரு குவளை நீர் சுடவைக்கவும் சிறு கருவிகள் வந்தன. இவற்றுக்கெல்லாம் மேலான நன்மை ஆய்வுக்கூடத்தில் விளைந்தது. ஈதர், சாராயம் முதலானவற்றின் ஆவி ஒரு சிறு சுடரைத் தொட்டாலும் பற்றிக்கொள்ளும். அவற்றை வடிப்போர் திறந்த சுடரை விலக்கிச் சூடாக்க மின்சாரம் வழிகாட்டிற்று.

1922-இல் பர்மிங்காம் நகரின் புல்பிட் நிறுவனத்தில் பணியாற்றிய லெஸ்லி லார்ஜ் என்பவர், கம்பியை ஓர் உலோகக் குழலுக்குள் அடைத்து, அக்குழலைக் கெண்டியின் நீருக்குள்ளேயே வைத்தார். கம்பியின் மின்சாரம் குழலுக்குத் தாவாதபடி, ஆனால் வெப்பம் மட்டும் கடந்து செல்லும்படி இடையில் ஒரு பொருள் வேண்டும். இத்தகைய குழல்களில் இன்று இடித்து நிரப்பப்படும் மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி அவ்விரு பணியையும் ஒருங்கே செய்கிறது. சாடிக்குள் கம்பியை வைத்த ஜூலின் இடத்துக்கே எண்பது ஆண்டு கழித்துக் கெண்டி வந்து சேர்ந்தது. 1000 வாட் சூடேற்றி, ஒரு லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர, வெப்பம் வீணாகாவிடில், ஐந்தேகால் நிமிடம் போதும். 300 வாட் கருவிக்குப் பதினேழு நிமிடத்துக்கு மேலாகும்.

இவ்வரலாற்றில் நம்மவர் பெயர் ஒன்றும் இல்லை. இல்லாத பெயரைத் தேடிப்பிடித்து நுழைக்க வேண்டியதுமில்லை. அவ்வாறு எழுதும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நம் முன்னோரின் மெய்யான பெருமையையும் ஐயத்துக்குரியதாக்கும். ஆனால் நீரைச் சூடாக்குவது பற்றிய வேறொரு விசாரணை நம் கிதாபுகளில் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் ஓதும் மின்ஹாஜில், வெயிலில் சூடேறிய நீரைப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதியுள்ளார்கள். வெப்ப நாட்டில், அடித்துச் செய்த உலோகப் பாத்திரத்தில், உடலில் பயன்படுத்தினால் என்பன விளக்கவுரைகள் கூறும் நிபந்தனைகள். உலோகத்திலிருந்து பிரியும் அழுக்கு தோலுக்கு வெண்குட்டம் போன்ற கேடு செய்யும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அதே இமாம் அவர்கள் தம் ரவ்ளா என்னும் நூலில், ஆதாரத்தை நோக்கின் மக்ரூஹ் இல்லை என்பதையே வலுவாகக் கொண்டார்கள். நெருப்பில் சூடாக்கிய நீரிலோ நம் மத்ஹபில் இத்தடையே இல்லை. உமர் (ரலி) அவர்களுக்குக் கும்கும் என்னும் செப்புக் கலத்தில் நீர் சூடாக்கப்பட்டது என்றும் அறிவிப்பு உண்டு.

மின்சாரத்தில் சூடேறிய நீர் இவற்றுள் எதில் சேரும்? சுடரில்லை என்பதால் இது நெருப்பு ஆகாது என்று சிலர் வாதிடக்கூடும். சட்டக் காரணம் சுடரைப் பற்றியதன்று, நீரில் கலக்கும் கேட்டைப் பற்றியது என்பதை நோக்கினால், ஒளூவுக்கும் குளிப்புக்கும் இந்நீர் ஆகும் என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை என்றே எமக்குத் தோன்றுகிறது. நீர் தாங்கமுடியாத சூடாய் இருந்து, உறுப்புகளை நிறைவாகக் கழுவ விடாமல் தடுத்தால் அது மக்ரூஹ் என்பது மட்டும் எல்லா வெந்நீருக்கும் பொது. மார்கழிப் பனியில் சுப்ஹுக்கு எழும் முதியவருக்கு இளஞ்சூடே வேண்டுவது.

அம்முதியவருக்காகவே இதையும் எழுத வேண்டியிருக்கிறது. 1955-இல் பிரிட்டனின் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம், நீர் கொதித்ததும் ஆவி பட்டு வளையும் இரட்டை உலோகத் தகட்டால் தானே அணையும் கெண்டியை வெளியிட்டது. வாளியில் தொங்கும் சாதாரண ராடில் அத்தகைய தகடு கிடையாது. குழலில் வெடிப்பு விழுந்தால் உள்ளிருக்கும் மின்சாரம் நீருக்கு வந்துவிடும். சூடேறிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்து உயிரிழந்தோர் செய்தியை நாளேடுகளில் நாம் படிக்கிறோம். விடுதிகளில் மாணவர்கள் சவர பிளேடு இரண்டில் கம்பி கட்டி நீரில் விடுவது அதனினும் கொடிது; அங்கே குழலும் இல்லை, வெண்பொடியும் இல்லை, மின்சாரம் நீரினூடேதான் ஓடுகிறது. 1500 வாட் ராடு, 15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 40 பாகைக்குக் கொண்டுவரப் பதினோரு நிமிடம் போதும். கடிகாரத்தைப் பார்த்து, பொத்தானை அணைத்து, செருகியை உருவிய பின்னரே ராடை எடுக்க வேண்டும். அதன் பின்னரே நீரில் கை வைக்க வேண்டும். வாளி உலோகமாய் இருத்தல் ஆகாது. ராடில் குறித்த கோட்டுக்குக் குறையாமல் நீர் நிற்க வேண்டும். செருகியின் மூன்று ஊசிகளில் தடித்தது நில இணைப்புக்குரியது. இரண்டு துளைப் பழைய பிளக்கில் நுழையவில்லை என்று அதை ஒடித்துவிடும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இன்றும் இருக்கிறது.