அனுமதிப் படிவம்

1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் தொடங்கிய மெதடிஸ்த பள்ளிக்கூடமே இக்கரையோர மிஷன் பாடசாலைகளுக்கு மூத்தது. கல்முனையிலும் அவை எழுந்தபோது, பிள்ளையின் மார்க்கம் போய்விடுமென நம் மூத்தம்மாமார் அஞ்சியதாகக் கேட்டிருக்கிறோம். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960-61 சட்டங்களால் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. அச்சம் குறைந்தது, இப்போது இடம்தான் இல்லை.

தரம் ஒன்றில் நூற்றுக்கு 25 இடம் பழைய மாணவர் பிள்ளைகளுக்கு. சங்க உறுப்புரிமைக்கும் புள்ளியுண்டு. மகளுக்காக நாமும் அந்தப் பற்றுச்சீட்டை இணைத்தோம், சற்றுக் கூச்சத்தோடுதான்.

பள்ளிக்கூடமே போகாத சாய்ந்தமருதுத் தாயொருவர் கிளினிக்கில் மருந்துத் துண்டோடு படிவத்தையும் நீட்டினார்: “இதையும் நிரப்பித் தாங்க டொக்டர்.” பழைய மாணவியர் பகுதியில் கோடு கீறினோம்.