டர்போசார்ஜர் தெரிவு (மகிழுந்து)

டர்போசார்ஜர் தெரிவு என்பது ஒரு மகிழுந்தின் உள் எரி பொறிக்கு ஏற்ற அளவும் அமைப்பும் கொண்ட டர்போசார்ஜரைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் பொறியியல் செயற்பாடு ஆகும். புதிய வண்டியை வடிவமைக்கும் நிறுவனமும், தன் வண்டியின் திறனை உயர்த்த விரும்பும் உரிமையாளரும் ஒரே கணக்கையே செய்ய வேண்டியுள்ளது. நிறுவனம் அதைப் பல ஆண்டுச் சோதனைகளுடன் செய்கிறது. உரிமையாளரோ பெரும்பாலும் உச்சக் குதிரைத்திறன் என்னும் ஒரே எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார். பெரிய டர்போவே சிறந்த டர்போ என்ற கருத்து பரவலாக உள்ளது. சாலையில் ஓடும் வண்டியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறாகும். பொருந்தாத டர்போவினால் வண்டி மந்தமாவதுடன், பிஸ்டன் உருகுதல், தாங்கி தேய்தல் போன்ற மீளாச் சேதங்களும் ஏற்படலாம்.

இயங்கும் முறை

பொறியிலிருந்து வெளியேறும் புகைவளி விசையாழி எனப்படும் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள அமுக்கிச் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்திப் பொறிக்குள் செலுத்துகிறது. காற்று கூடும்போது கூடுதல் எரிபொருளை எரிக்க முடிவதால் திறன் கூடுகிறது. சிறிய மகிழுந்து டர்போக்களின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். விற்பனைக்கு வந்த மகிழுந்துகளில் டர்போ முதலில் இடம்பெற்றது 1962இல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் ஆகியவற்றில் ஆகும்.

செங்கல்பட்டு வட்டாரமும் டர்போவும்

தமிழ்நாட்டில் இத்துறையுடன் நெருங்கிய தொடர்புடைய பகுதி சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரையிலான பகுதி ஆகும். மாமல்லபுரத்துக்கு வடக்கே பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள பையனூரில் டர்போ எனர்ஜி நிறுவனத்தின் ஆலை உள்ளது. இந்நிறுவனம் 1982இல் தொடங்கப்பட்டது. பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பைனான்ஸ் ஆகியவற்றுடன் செருமானிய டர்போ தொழில்நுட்பமும் இதில் இணைந்தது. அத்தொழில்நுட்பத்துக்குரிய கே.கே.கே. நிறுவனம் பின்னர் போர்க்வார்னர் குழுமத்தின் பகுதியானது.

சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்துள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. ஆலை 2007 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் 2012இல் மகிந்திரா ஆராய்ச்சி மையம் திறக்கப்பட்டது. அருகிலுள்ள மறைமலைநகரில் 2013இல் வெளிவந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் பொறியுடன் 125 குதிரைத்திறன் தந்தது. இவ்வாலையில் உற்பத்தி 2022இல் நின்றது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் உள்ள ஒரகடத்தில் உருவாகும் நிசான் மேக்னைட்டும் 1.0 லிட்டர் டர்போ பொறி கொண்டதே.

ஒரே பொறிக்கு வெவ்வேறு தெரிவுகள் எவ்வாறு அமையும் என்பதற்கு மகிந்திராவின் 2.0 லிட்டர் எம்ஸ்டாலியன் பெட்ரோல் பொறி நல்ல எடுத்துக்காட்டு. 2020இல் வந்த தார் வண்டியில் இது 150 குதிரைத்திறன் தருகிறது. 2021இல் வந்த எக்ஸ்.யு.வி.700 வண்டியில் 200 குதிரைத்திறனும் 380 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. இம்முறுக்குவிசை நிமிடத்துக்கு 1750 முதல் 3000 சுற்றுகளிலேயே கிடைக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. பி.எம்.டபிள்யூ.வின் 2.0 லிட்டர் பி48 பொறியும் உலகச் சந்தையில் 184 குதிரைத்திறன், 258 குதிரைத்திறன் எனப் பல வடிவங்களில் விற்கப்பட்டது. இவற்றுக்கிடையே டர்போ மட்டுமன்றிப் பிஸ்டனும் அமுக்க விகிதமும் வேறுபடுகின்றன. டர்போவை மட்டும் மாற்றி அதே பலனை எதிர்பார்ப்பவர்கள் இதையே கவனிக்கத் தவறுகின்றனர்.

காற்றோட்டக் கணக்கு

தெரிவின் முதற்படி, வேண்டிய திறனுக்கு எவ்வளவு காற்று தேவை என்பதைக் கண்டறிதல் ஆகும். 2.0 லிட்டர் பெட்ரோல் பொறி ஒன்றிலிருந்து நிமிடத்துக்கு 6000 சுற்றுகளில் 250 குதிரைத்திறன் பெற வேண்டும் எனக் கொள்வோம்.

டர்போ பெட்ரோல் பொறி முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.25 கிலோகிராம் எரிபொருள் கொள்ளும். எனவே மணிக்கு 62.5 கிலோகிராம் பெட்ரோல் தேவை. முழுச் சுமையில் காற்று-எரிபொருள் விகிதம் 12:1 எனில், மணிக்கு 750 கிலோகிராம், அதாவது நிமிடத்துக்கு 12.5 கிலோகிராம் காற்று தேவை.

அடுத்து அழுத்தம். நான்கு வீச்சுப் பொறி இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே காற்றை உள்ளிழுக்கும். கனஅளவுத் திறன் 92 விழுக்காடு எனில், இப்பொறி நிமிடத்துக்கு 5.52 கனமீட்டர் காற்றை விழுங்கும். அவ்வளவு இடத்துக்குள் 12.5 கிலோகிராம் காற்றை அடைக்க, உள்ளீட்டுக் குழலில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 2.26 கிலோகிராம் இருக்க வேண்டும். அங்கே வெப்பநிலை 60 பாகை செல்சியசு எனில், தேவைப்படும் தனி அழுத்தம் 2.16 பார் ஆகும். இடைக்குளிர்வியில் 0.1 பார் இழப்பு ஏற்படும் எனக் கொண்டால் அமுக்கி 2.26 பார் தர வேண்டும். காற்று வடிகட்டியின் இழப்பு போக அமுக்கியின் வாயில் 0.98 பார் மட்டுமே கிடைக்கும். எனவே அழுத்த விகிதம் 2.31 ஆகும். காட்டியில் இது சுமார் 1.15 பார் மிகை அழுத்தமாகத் தெரியும்.

நிமிடத்துக்கு 12.5 கிலோகிராம், அழுத்த விகிதம் 2.31 என்னும் இவ்விரு எண்களைக் கொண்டே டர்போ தேடப்படுகிறது. டர்போவின் விற்பனைப் பெயரில் உள்ள குதிரைத்திறன் எண் இதற்கு மாற்றாகாது. அது அந்த டர்போ தரக்கூடிய மேல் எல்லை மட்டுமே.

அமுக்கி வரைபடம்

ஒவ்வொரு டர்போவுக்கும் அதன் தயாரிப்பாளர் அமுக்கி வரைபடம் ஒன்றை வெளியிடுவர். இதன் கிடை அச்சில் காற்றோட்டமும் நிலை அச்சில் அழுத்த விகிதமும் குறிக்கப்படும். நடுவே தீவுகள் போலக் காணப்படும் கோடுகள் அமுக்கியின் திறனளவைக் காட்டும். இடப்பக்க எல்லைக்கு அப்பால் காற்று அமுக்கியிலிருந்து பின்னோக்கிப் பாயும். இது சர்ஜ் எனப்படும். இது நீடித்தால் தாங்கி சிதையும். வலப்பக்க எல்லைக்கு அப்பால் காற்று நெரிந்து, அதற்குமேல் ஓட்டம் கூடாது.

உச்சப் புள்ளியை மட்டும் குறித்துப் பார்த்தால் போதாது. மேற்கண்ட பொறி நிமிடத்துக்கு 2500 சுற்றுகளில் அதே அழுத்தத்தை எட்டினால், காற்றோட்டம் சுமார் 5.2 கிலோகிராம் மட்டுமே இருக்கும். இப்புள்ளி சர்ஜ் எல்லைக்கு வலப்பக்கம் விழ வேண்டும். பெரிய அமுக்கிகள் பலவற்றில் அது இடப்பக்கமே விழும். அந்நிலையில் தாழ்ந்த சுற்றுகளில் அழுத்தத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும்.

அமுக்கியின் திறனளவு வெப்பத்தையும் தீர்மானிக்கிறது. 35 பாகை வெளிவெப்பத்தில் மேற்கண்ட அழுத்த விகிதத்துக்கு, திறனளவு 72 விழுக்காடு எனில் காற்று 151 பாகையில் வெளிவரும். 60 விழுக்காடு எனில் அது 174 பாகையாகும். ஒரே அழுத்தம் காட்டும் இரு டர்போக்கள் ஒரே பலனைத் தராமைக்கு இதுவே முதற்காரணம்.

விசையாழிப் பக்கம்

விசையாழிக் கூட்டின் குறுக்குப் பரப்பை அதன் மைய ஆரத்தால் வகுக்கக் கிடைப்பது ஏ/ஆர் விகிதம் ஆகும். இது சிறிதாயின் புகைவளி விரைந்து பாய்ந்து டர்போவை விரைவில் எழுப்பும். ஆனால் உயர் சுற்றுகளில் புகைவளி தேங்கும். பெரிதாயின் இதற்கு எதிர்மாறு.

சக்கரத்தின் அளவு இன்னும் கூடிய விளைவைத் தருவது. வடிவம் மாறாமல் விட்டம் மட்டும் கூடினால், சுழல் நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்காகக் கூடும். விட்டத்தில் 10 விழுக்காடு உயர்வு நிலைமத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்வாகும். முடுக்கியை மிதித்ததற்கும் அழுத்தம் எழுவதற்கும் இடையிலான தாமதம் இதனால் நீள்கிறது.

சிங்கப்பெருமாள் கோயிலில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நின்று நகரும் வண்டி பெரும்பாலும் 1500 முதல் 3000 சுற்றுகளுக்குள்ளேயே இயங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உயர் பல்லிணையில் சீராகச் செல்லும்போதும் நிலைமை அதிகம் மாறுவதில்லை. 4000 சுற்றுகளுக்கு மேல் மட்டும் விழிக்கும் டர்போ இச்சாலைகளில் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். அது விழிக்கும்போது முறுக்குவிசை திடீரெனப் பாய்வதால், முந்திச் செல்லும் வேளையில் வண்டியைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். இதைத் தவிர்க்கவே மாறு இதழ்கள் கொண்ட விசையாழிகள் டீசல் வண்டிகளில் பெருமளவு பயன்படுகின்றன. பெட்ரோல் பொறியின் புகைவளி 950 பாகைக்கு மேல் செல்லக்கூடும் என்பதால், அவ்விதழ்களுக்கு விலைமிக்க உலோகங்கள் தேவைப்படுகின்றன. எனவே பெட்ரோல் வண்டிகளில் இவை குறைவு. இரட்டைச் சுருள் கூடு இங்கு ஒரு மாற்றாகும்.

தட்பவெப்பம்

வெளிநாட்டு இதழ்களில் காணப்படும் அளவீடுகள் பெரும்பாலும் குளிர்ந்த காற்றில் எடுக்கப்பட்டவை. 15 பாகைக் காற்றைவிட 35 பாகைக் காற்றின் அடர்த்தி 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைவு. கடற்கரை ஈரப்பதத்தில் நீராவி இடம் பிடிப்பதால் ஆக்சிசன் மேலும் 3 முதல் 4 விழுக்காடு குறையலாம். ஆகவே மாமல்லபுரக் கடற்கரையில் கோடை நண்பகலில் ஓடும் வண்டிக்கு, டர்போவைப் பெரிதாக்குவதைவிட இடைக்குளிர்வியைப் பெரிதாக்குவது பயனுள்ளதாக அமையலாம்.

மலைப்பயணம் வேறு வகைச் சிக்கலைத் தரும். சுமார் 2240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் 0.77 பார் அளவே இருக்கும். அங்கும் அதே உள்ளீட்டு அழுத்தம் வேண்டுமெனில் அழுத்த விகிதம் 3.0ஐ எட்டும், தண்டு தன் வேக எல்லையைக் கடக்கக்கூடும். நிறுவனங்களின் பொறிக் கட்டுப்பாட்டு அலகு இதைத் தானே குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஏற்றப்படும் மென்பொருட்கள் எல்லாவற்றிலும் இந்தக் காப்பு இருப்பதில்லை.

எரிபொருளும் தட்டலும்

அழுத்தமும் வெப்பமும் கூடும்போது எரிபொருள் தீப்பொறிக்கு முன்போ, சுடர் எட்டும் முன்போ தானே வெடிக்கலாம். இது தட்டல் எனப்படும். உயர் அழுத்தத்தில் சில நொடித் தட்டலே பிஸ்டன் வளைய மேடுகளை உடைக்கப் போதுமானது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளில் சாதாரண பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் எண் 91 என வரையறுக்கப்பட்டது. எத்தனால் கலப்பு தட்டலைத் தாங்கும் தன்மையை உயர்த்துகிறது. ஆனால் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் 14.7 அன்று, சுமார் 13.5 ஆகும். எனவே அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் செலுத்த வேண்டும். தெளிப்பான்களும் எரிபொருள் எக்கியும் அதற்கு ஈடுகொடுக்குமா என்பதை டர்போ வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

கிளட்ச், எண்ணெய்க் குழாய், குளிர்நீர் அமைப்பு, தடுப்பு ஆகியவையும் கூடுதல் திறனுக்கு ஏற்ப இருத்தல் வேண்டும். கடும் ஓட்டத்துக்குப்பின் பொறியை உடனே நிறுத்தினால், சூடான தாங்கியில் தங்கிய எண்ணெய் கரியாகிப் படியும். சற்று நேரம் மெதுவாக ஓட்டியோ ஓடவிட்டோ நிறுத்துவது வழக்கம்.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. உச்சநீதிமன்றம் 2019 சனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம் மாற்றியமைத்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்காத மாற்றம் விபத்து இழப்பீட்டுக் கோரிக்கையையும் பாதிக்கலாம்.

மூடிய பந்தயத் தடத்துக்கு விதிகள் வேறு. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக அடையக்கூடிய இருங்காட்டுக்கோட்டைத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுடையது. 1990 முதல் இயங்குகிறது. இங்கு ஓடும் வண்டிகள் போட்டிக்கு முன் தொழில்நுட்பச் சோதனைக்கு உட்படும். 2010இல் இந்தியாவில் தொடங்கிய போக்ஸ்வாகன் போலோ கோப்பை போன்ற ஒரே வகை வண்டிப் போட்டிகளில், டர்போவை மாற்றும் உரிமை எந்த ஓட்டுநருக்கும் அளிக்கப்படுவதில்லை.