வணக்கம் செலுத்தும் கை: சீருடைப் பணிகளில் பச்சை குத்தலின் எல்லை

காலனிய இந்தியாவின் உடற்குறிகளை ஆராயும் எவரும் கிளேர் ஆண்டர்சனின் 'லெஜிபிள் பாடீஸ்' (2004) நூலைக் கடந்துதான் செல்ல வேண்டும். கைதியின் நெற்றியில் குற்ற விவரத்தைப் பச்சையாகப் பொறித்த 'கோத்னா' தண்டனையை முன்வைத்து, அரசு உடலைப் படித்த விதத்தை அவர் விளக்கினார். 1849இல் அத்தண்டனை ஒழிந்தது. கைதிகள் குறியை மறைக்கவும் அழிக்கவும் முயன்றதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அந்த உழைப்புக்கு நான் கடன்பட்டவன்.

ஆனால் அவருடைய சட்டகத்தை இன்றைய ஆள்சேர்ப்பு வரை நீட்டி, பச்சை குத்தியவரை அரசுப் பணி விலக்குவது பழைய குற்றக்குறியின் எச்சம் என்று கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சட்டகத்தின் முதன்மைக் கேள்வி, குறி ஆளைப் பற்றி என்ன சொல்கிறது என்பது. நெற்றி என்ற இடத்துக்கு அதில் முக்கியத்துவம் உண்டுதான். அங்குதான் யாராலும் படிக்க முடியும். பணியாளரின் எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்கிறது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. இன்றைய விதிகளோ அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவப் பரிசோதனைக்காக உள்துறை அமைச்சகம் 2015 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் பார்ப்போம். பச்சை பற்றி அதில் மூன்று சிறு கூறுகள் உள்ளன. முதலாவது உள்ளடக்கம்: நாடு மதச்சார்பற்றது, மக்களின் சமய உணர்வை மதிக்க வேண்டும், ஆகவே பெயரும் சமய உருவங்களும் தரைப்படையில் உள்ளதுபோல் அனுமதிக்கப்படும். இரண்டாவது இடம்: முன்கையின் உட்புறம் போன்ற மரபான இடங்களில் இருக்கலாம்; ஆனால் இடக்கையில் மட்டும், ஏனெனில் அது வணக்கம் செலுத்தாத கை; அல்லது கைகளின் பின்புறம். மூன்றாவது அளவு: அந்தந்தப் பகுதியில் கால் பங்குக்கும் குறைவு.

குற்றக்குறி என்ற அச்சம் இதில் எங்கே? முருகன் வேலும் அம்மாவின் பெயரும் தடையின்றி நுழைகின்றன. தடுக்கப்படுவது வலது முன்கை. உள்ளடக்கத்துக்குத் தரைப்படையை மேற்கோளாகக் காட்டும் ஆவணம், இடத்தைச் சொல்லும்போது அதைச் சுட்டவில்லை. தரைப்படை விதி முன்கையின் உட்புறத்தை ஏற்கிறது. இடம், வலம் பிரிப்பதில்லை. ஆக, வணக்கக் கை என்ற காரணம் காவல் படைகளின் பக்கத்திலிருந்து சேர்ந்தது என்று கருதுகிறேன். அது 2015க்கு எவ்வளவு முன்னதாக வேரூன்றியது என்பதை இந்த ஆவணத்தை மட்டும் வைத்து வரையறுக்க இயலாது.

'கைகளின் பின்புறம்' என்பதில் வலக்கையும் அடங்குமா? வாசகம் இரு பொருளுக்கும் இடம் தருகிறது. 2022இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இந்த முடிச்சையே தொட்டது. வலக்கையின் பின்புறம் சமயப் பச்சை இருந்ததால் ஓர் இளைஞர் தகுதியிழந்தார். அது வணக்கம் செலுத்தும் கை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. பச்சையை அகற்றிவிட்டுப் புதிய மருத்துவக் குழு முன் வர நீதிமன்றம் அவருக்கு வாய்ப்பளித்தது.

என் வாதத்தின் முழு எடையையும் இந்த அகற்றலின் மீதே வைக்கிறேன். பச்சை ஒழுக்கக் குறையின் சாட்சி என்றால், லேசரால் அழித்த பின்னும் அக்குறை ஆளிடம் இருக்கும். அகற்றினால் தகுதி திரும்புகிறது என்றால் ஆட்சேபம் தோலின் தோற்றத்தைப் பற்றியது மட்டுமே. கோத்னாவில் அரசு குறி நிலைக்க வேண்டும் என்றது. இங்கே போய்விட வேண்டும் என்கிறது. இரண்டையும் ஒரே மரபில் கோர்ப்பது, நிலத்தில் வேலை செய்து கோலப்புள்ளிப் பச்சையுடன் வாழ்ந்த நம் பாட்டிமாரின் முன்கைகளையும் குற்றப் பட்டியலில் சேர்ப்பதாகும். அதை நான் ஏற்க மாட்டேன்.

விதியை நான் நியாயப்படுத்துவதாக இதைக் கொள்ளக் கூடாது. 'மரபான இடங்கள்' என்பதில் யாருடைய மரபு கணக்கில் வந்தது? முன்கை சமவெளி கிராமங்களின் வழக்கம். நீலகிரித் தோடர் பெண்கள் தோளிலும் மார்பிலும் புள்ளிகளும் வட்டங்களும் குத்திக்கொண்டவர்கள், அதுவும் மரபே. பழங்குடியினரின் வழக்கப்படியான பச்சைகளுக்குத் தரைப்படை தனி விலக்கு அளிக்கிறது. காவல் படைகளுக்கான அந்த மூன்று கூறுகளிலும் இவ்விலக்கு எழுதப்படவில்லை.