கைப்பேசியும் ஒரு சிறு அட்டையும்

புதிய கைப்பேசி வாங்குகிறவர் முதலில் செய்யும் வேலை, பழைய கருவியிலிருந்து சிம் கார்டை எடுத்துப் புதியதில் செருகுவதுதான். அடுத்த சில விநாடிகளில் அதே எண்ணில் பேசத் தொடங்கிவிடலாம். கருவியை விற்றவரிடமோ, தொடர்பு தரும் நிறுவனத்திடமோ அனுமதி கேட்க வேண்டியதில்லை. நமக்கு இது வெகு இயல்பான செயல். ஆனால், கைப்பேசி பிறந்த அமெரிக்க நாட்டிலேயே கோடிக்கணக்கான மக்களுக்குப் பல ஆண்டுகள் இது இயலாத காரியமாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் சேவையை விட்டு விலக விரும்பியவர், நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் கருவியையும் ஒதுக்கிவைக்க நேர்ந்தது.

இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன? சட்டமும் வாணிபமும் ஒருபுறம் இருக்கட்டும். அடிப்படைக் காரணம் பொறியியல் சார்ந்தது. 'இவர்தாம் சந்தாதாரர்' என்னும் அடையாளம் எதில் எழுதப்பட்டிருக்கிறது? கருவியிலா, அல்லது அதிலிருந்து கழற்றக்கூடிய ஓர் அட்டையிலா? விரல் நகத்தளவே உள்ள அந்த அட்டையின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

கம்பியே அடையாளம்

தொலைபேசிக் கருவி யாருக்கு உரியது என்ற வழக்கு கைப்பேசிக்கும் முற்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அமெரிக்காவில் தொலைபேசி என்றாலே ஏ.டி. அண்டு டி. நிறுவனம் என்றுதான் பொருள். கம்பி அதனுடையது, இணைப்பகம் அதனுடையது, மேசை மேலுள்ள கருவியும் அதனுடையதே. சந்தாதாரர் வாடகை செலுத்திப் பயன்படுத்தலாம், அவ்வளவே. (நம் நாட்டிலும் அஞ்சல் தந்தித் துறை வைத்த கறுப்புக் கருவி துறையின் உடைமையாகத்தான் இருந்தது.) வெளியார் செய்த பொருள் எதையும் கருவியோடு இணைக்கலாகாது என்பது ஏ.டி. அண்டு டி.யின் விதி.

இந்த விதி எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு 'ஹஷ்-அ-போன்' ஓர் எடுத்துக்காட்டு. அது ஒரு கிண்ணம் போன்ற பொருள். பேசும் முனையில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் காதில் பேச்சு விழாது. மின்சாரத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதையும் நிறுவனம் தடுத்தது. 1955-ல் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. 1956-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளிவிட்டது.

அடுத்து வந்தது 'கார்ட்டர்போன்'. டெக்சாசைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் உருவாக்கிய இந்தக் கருவி, இருவழி வானொலியில் பேசுபவரைத் தொலைபேசியோடு சேர்த்துவைத்தது. தொலைபேசியின் கைப்பிடியை அதன் தொட்டிலில் வைத்தால், கைப்பிடியிலிருந்து வரும் ஒலி அலைகள் ஓர் ஒலிவாங்கியைத் தாக்கி வானொலிக் கருவிக்குச் செல்லும். வானொலியில் வரும் குரல், ஒலிபெருக்கி வழியே கைப்பிடிக்குள் புகும். இரண்டுக்கும் இடையே இருந்தது காற்று மட்டுமே! 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 3,500 கருவிகள் விற்றன. நிறுவனம் வழக்கம்போல் தடுத்தது. 1968 ஜூன் மாதத்தில் ஆணையம் கார்ட்டர் பக்கம் முடிவு கூறியது. வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவியை இணைக்கச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். பிற நிறுவனங்கள் செய்த பதிலளிக்கும் பொறி, தொலைநகல், மோடம் ஆகியவை வீட்டுத் தொலைபேசியோடு சேர முடிந்தது இம்முடிவினால்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பித் தொலைபேசியில், இணைப்பகத்தில் எந்தக் கம்பியில் மின்னோட்டம் வருகிறதோ அந்தக் கம்பியே சந்தாதாரரின் அடையாளம். கருவியை மாற்றினாலும் அடையாளம் மாறாது. ஆகவே, கருவியைச் சந்தாதாரர் விருப்பத்துக்கு விட்டுவிடுவதில் பெரிய தொல்லை எதுவும் எழவில்லை. வானலையின் கதை வேறு. மின்காந்த அலை எத்திசையிலிருந்தும் வரலாம். 'நான் இன்னார்' என்று கருவியே தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும்.

வானலையில் அடையாளம்

1973 ஏப்ரல் 3-ஆம் நாள் மோட்டரோலா நிறுவனத்தின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று, போட்டி ஆய்வகமான பெல்லைச் சேர்ந்த ஜோயல் எங்கலைக் கைப்பேசியில் அழைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1983 அக்டோபரில் சிகாகோவில் வாணிபச் சேவை தொடங்கிற்று. கருவியின் விலை 3,995 டாலர். அக்காலக் கருவிகளில் சந்தாதாரர் எண்ணும் கருவியின் வரிசை எண்ணும் உள்ளேயே எழுதப்பட்டிருந்தன. ஒவ்வோர் அழைப்பின்போதும் அவை மறைவின்றி வானில் ஒலிபரப்பாயின. ஏற்பி ஒன்றை வைத்துக்கொண்டு அவற்றைப் பிடித்து வேறொரு கருவியில் எழுதிக்கொண்டவர்கள் பலர். அவர்கள் பேசிய பேச்சுக்கு வேறு யாரோ பணம் கட்டினார்கள்!

ஐரோப்பாவில் தொல்லை வேறு வகை. நார்டிக் நாடுகளில் ஒரு முறை, பிரிட்டனில் ஒரு முறை, ஜெர்மனியில் ஒரு முறை, பிரான்சில் ஒரு முறை. எல்லையைக் கடந்தால் கருவி வெறும் சுமை. இதைத் தீர்க்க 1982-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பிரெஞ்சுப் பெயரின் முதல் எழுத்துகளே ஜி.எஸ்.எம். 1987 செப்டம்பரில் 13 நாடுகளைச் சேர்ந்த 15 சேவை நிறுவனங்கள் கோபன்ஹேகனில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1991 ஜூலை 1-ஆம் நாள் பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி, ரேடியோலின்யா நிறுவனத்தின் வலையமைப்பில் முதல் அழைப்பைப் பேசினார். அந்நிறுவனத்துக்குச் சிம் அட்டைகளைச் செய்து தந்தது மியூனிக் நகரில் நாணயத் தாள் அச்சிடும் ஒரு பழைய நிறுவனம். பொருத்தமானவர்களிடம்தான் வேலை போயிருக்கிறது!

இந்த அட்டை செய்யும் வேலை அழகானது. அதனுள் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, 15 இலக்கங்கள் வரையுள்ள சந்தாதாரர் எண்; ஐ.எம்.எஸ்.ஐ. என்பர். மற்றது, 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசியச் சாவி. இச்சாவி நிறுவனத்தின் கணிப்பொறியிலும் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. நீங்கள் கருவியை இயக்கியதும், நிலையம் தற்செயலான ஓர் எண்ணை அனுப்புகிறது. அட்டையிலுள்ள நுண்செயலி அந்த எண்ணையும் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்டு 32 பிட் நீளமுள்ள விடையை அனுப்பும். நிறுவனமும் அதே கணக்கைத் தன் பக்கத்தில் செய்துபார்க்கும். விடைகள் ஒத்திருந்தால் உள்ளே வரலாம். சாவி மட்டும் ஒருபோதும் வானில் ஏறுவதில்லை. ஒட்டுக் கேட்பவன் கேள்வியையும் விடையையும் பிடித்தாலும், அடுத்த முறை கேள்வியே வேறு. சாவியை ஊகித்துப் பார்க்கலாமே என்றால், அதற்குரிய வாய்ப்புகள் 39 இலக்க எண்ணாகும். (முதலில் பலர் கையாண்ட கணக்கு முறையில் ஓட்டை இருப்பதை 1998-ல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினர். சாவியின் நீளம் மட்டும் போதாது. கணக்கும் நன்றாக இருக்க வேண்டும்.)

வகுப்பில் மாணவர்கள் ஐ.எம்.எஸ்.ஐ.யையும் ஐ.எம்.இ.ஐ.யையும் குழப்பிக்கொள்வது வழக்கம். பின்னது கருவியின் எண். களவுபோன கருவியைத் தடுக்க உதவுவது. சந்தாதாரர் யார் என்பதை அது கூறாது. கருவிக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் என்று இரண்டையும் பிரித்ததுதான் ஜி.எஸ்.எம். செய்த பெரிய காரியம். ஏமாற்றைத் தடுப்பதும் நாடு விட்டு நாடு செல்வதுமே வடிவமைத்தவர்களின் கவலை. ஆனால், கம்பிக் காலத்தில் ஆணையமும் நீதிமன்றமும் தலையிட்டுப் பெற்றுத்தந்த உரிமையை, இங்கே 25 மி.மீ. நீளமும் 15 மி.மீ. அகலமும் உள்ள ஒரு துண்டு வழக்கின்றியே தந்துவிட்டது.

இரு நாடுகள்

அமெரிக்க அரசு இப்படி ஒரே முறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டது. குவால்காம் நிறுவனம் வளர்த்த சி.டி.எம்.ஏ. முறையை வெரிசானும் ஸ்பிரிண்டும் ஏற்றன. அலைவரிசையைச் சிக்கனமாகக் கையாள்வதில் அது சிறந்த முறையே. மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிகள் முழுவதும் அந்த அடிப்படையிலேயே எழுந்தன. ஆயினும், அமெரிக்க சி.டி.எம்.ஏ. கருவிகளில் அடையாளம் கருவிக்குள்ளேயே இருந்தது. எந்தக் கருவியைத் தன் வலையமைப்பில் அனுமதிப்பது என்பது நிறுவனத்தின் கையில். விளைவு? கருவி செய்பவர்களுக்கு வாடிக்கையாளர் மக்கள் அல்லர். நான்கைந்து சேவை நிறுவனங்களே. 2004-ல் வெரிசான் விற்ற ஒரு மோட்டரோலா கருவியில் புளூடூத் வழியே படங்களை மாற்றும் வசதியை நிறுவனம் அடைத்துவைத்தது. வாங்கியவர்கள் நீதிமன்றம் சென்றார்கள்.

இந்தியாவில் 1995 ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டில்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமோடு பேசியது ஜி.எஸ்.எம். முறையில்தான். எனவே, அட்டை தொடக்கத்திலேயே நம் கைக்கு வந்துவிட்டது. சி.டி.எம்.ஏ.யும் பின்னால் வந்தது. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கருவியும் தொடர்பும் கொடுத்தபோது, அதுவரை கைப்பேசியைக் கனவிலும் நினையாத பலர் வாங்கினர். கருவி அந்நிறுவனத்துக்கே கட்டுப்பட்டதாயினும், அது உண்டாக்கிய போட்டியால் எல்லோருடைய கட்டணமும் இறங்கிற்று என்பதை மறுக்கலாகாது. பூட்டுள்ள கருவி எப்போதும் தீமையே என்று கூறிவிட முடியாது. 2017-ல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கிடைத்த ஜியோபோனும் வேறு நிறுவனத்தின் அட்டையை ஏற்காத கருவிதான். விலையைக் குறைத்துப் பூட்டை மாட்டுவது பழைய வாணிப உத்தி.

பூட்டும் சாவியும்

2007 ஜூன் 29-ல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. கருவியின் தோற்றம், அதிலுள்ள நிரல்கள் எல்லாம் ஆப்பிளின் விருப்பம். சேவை நிறுவனத்தின் பெயர்ப் பொறிப்புக்கூட மேலே கிடையாது. இதற்கு ஈடாக, ஏ.டி. அண்டு டி.க்கு மட்டுமே அது என்று உடன்பாடு. ஜி.எஸ்.எம். கருவியாதலால் அதில் அட்டை இருந்தது. அப்படியிருந்தும் வேறு அட்டையை ஏற்கவில்லையே, எப்படி? சந்தாதாரர் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்த இரண்டு மூன்று இலக்கங்கள் நிறுவனத்தையும் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405. கருவியிலுள்ள நிரல் அந்த இலக்கங்களைப் படித்துப் பார்த்து, வேறு நிறுவனத்துடையது என்றால் மறுத்துவிடும். பூட்டு என்பது இவ்வளவுதான். இரண்டே மாதத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அதைத் திறந்துவிட்டான்.

2008 ஆகஸ்டில் அடுத்த ஐபோன் இந்தியாவுக்கு வந்தபோது 8 ஜி.பி. கருவியின் விலை 31,000 ரூபாய். அமெரிக்காவில் அதுவே 199 டாலர். அன்றைய மாற்று விகிதப்படி 9,000 ரூபாய்க்கும் குறைவு. அங்கே மீதியை இரண்டாண்டு ஒப்பந்தத்தின் மாதக் கட்டணத்தில் நிறுவனம் வசூலித்துக்கொண்டது. விலை குறைவு என்பது கண்ணுக்குத் தோன்றும் காட்சி மட்டுமே. 2013-ல் டி-மொபைல், கருவியின் தவணையையும் சேவைக் கட்டணத்தையும் தனித்தனியே காட்டத் தொடங்கிய பின்னரே அங்குள்ள மக்களுக்கு இந்தக் கணக்கு தெளிவாயிற்று.

பூட்டைத் திறப்பது குற்றமா? பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் 2006-ல் இதற்கு விலக்கு அளித்திருந்தார்கள். 2013 ஜனவரி முதல் புதுக் கருவிகளுக்கு அந்த விலக்கு நின்றது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு விண்ணப்பம் எழுதினர். 2014 ஆகஸ்டு 1-ல் தனிச் சட்டமே வந்தது. பணம் கொடுத்து வாங்கிய கருவியைத் திறக்க நாடாளுமன்றம் கூட வேண்டியிருந்தது!

இதற்கிடையே அட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. 2012-ல் 12.3 மி.மீ.க்கு 8.8 மி.மீ. அளவுள்ள நானோ சிம்மின் வடிவம் பற்றி ஆப்பிளும் நோக்கியாவும் ஐரோப்பியத் தர நிறுவனத்தில் மோதிக்கொண்டன. அதைவிடப் பெரிய மாற்றம் அட்டையே இல்லாத இ-சிம். சில்லு கருவியிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அடையாளம் வானலை வழியே வந்து அதில் எழுதப்படும். 2014-ல் ஐபேடில் பல நிறுவனங்களுக்குப் பொதுவான ஓர் அட்டையை ஆப்பிள் வைத்தது. ஏ.டி. அண்டு டி.யை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அந்த அட்டை அதனோடு நிலைத்துவிடும். பிறகு மாற்ற முடியாது. 2018-ல் அமெரிக்க நீதித்துறை, இ-சிம் தரத்தை வகுப்பதில் சேவை நிறுவனங்கள் கூடிக்கொண்டு போட்டியைத் தடுத்தனவா என்று விசாரித்தது. 2019 நவம்பரில், தரம் வகுக்கும் சங்கம் தன் நடைமுறையைத் திருத்தவும், கருவி செய்பவர்களுக்குக் கூடுதல் இடம் தரவும் ஒப்புக்கொண்டது.

2022-ல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-ல் அட்டை செருகும் துளையே இல்லை. இரகசியச் சாவியும், தற்செயல் எண்ணும், 32 பிட் விடையும் அப்படியே இருக்கின்றன. அடையாளத்தை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோக மட்டும் இனி நகம் போதாது. நிறுவனத்தின் கணிப்பொறி அதை அனுப்பிவைக்க வேண்டும்.