கரும்பு ஆலைக் கொழகொழப்பும் நைசினும்

கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. வெட்டிய கரும்பு வண்டியோடு காத்துக் கிடந்தால் விவசாயிக்கு வயிறு எரியும். எடை குறையும், சர்க்கரையும் குறையும். வெயில் மட்டும் காரணம் இல்லைங்க. வெட்டுவாய் வழியே லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா உள்ளே போய், சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற பசையாக்கி விடுகிறது. ஆலைக்குள் சாறு ஓடும் இடங்களிலும் அதே பசை கொழகொழவென்று ஒட்டும். பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் இந்தக் கோட்டையைத்தான் பயோஃபில்ம், நுண்ணுயிர்ப் படலம் என்கிறோம்.

தொல்லை பழசு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய சர்க்கரை ஆலைகளில் இது தவளை முட்டை மாதிரி திரண்டது. 1878ல் வான் தீகெம் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த உயிருக்கு லியூகோனோஸ்டாக் என்று பெயர் வைத்தார்.

எதிர் ஆயுதம் பாலில் கிடைத்தது. ஒரு பால் பாக்டீரியா இன்னொன்றை வளரவிடாமல் தடுப்பதை 1928ல் அமெரிக்காவில் ரோஜர்ஸ் பார்த்தார். 1933ல் நியூசிலாந்தில் பாலாடைக்கட்டி சரியாகப் புளிக்காததற்கும் இப்படி ஒரு தடுப்புப் பொருளே காரணம் என்று ஒயிட்ஹெட் கண்டார். 1947ல் பிரிட்டனில் மேட்டிக்கும் ஹிர்ஷும் அதற்கு 'நைசின்' என்று பெயரிட்டார்கள்.

நைசின் 34 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெப்டைடு. பாக்டீரியா சுவர் கட்ட வைத்திருக்கும் மூலப்பொருளைப் பிடித்துக்கொண்டு, சவ்விலும் ஓட்டை போடும். 1969ல் உலக உணவு, சுகாதார நிறுவனங்களின் நிபுணர் குழு இதை ஏற்றது. 1988ல் அமெரிக்கா அனுமதித்தது.

அப்புறம் ஏன் படலம் இன்னும் தொல்லை தருகிறது? பசை மருந்தை வழியிலேயே மடக்கும். உள்ளே அரைத்தூக்கத்தில் கிடக்கும் செல்கள் தப்பிவிடும். ஈ.கோலை போன்றவற்றுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதல் கவசம். அதனால் சுத்தமான பரப்பில் பாக்டீரியா ஒட்டவிடாமல் தடுப்பதில்தான் நைசினுக்குப் பலம். முற்றிய படலத்தை முதலில் தேய்த்துக் கழுவித்தான் ஆகணும். சர்க்கரை ஆலைகள் இன்றும் வெந்நீர், நீராவி, ரசாயனக் கிருமிநாசினிகளையே பெரிதும் நம்புகின்றன.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று: நம்ம இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இதே லியூகோனோஸ்டாக்தான் என்று 1965ல் ஓர் ஆய்வு காட்டியது. மாவுச் சட்டியில் வரம், ஆலையில் சாபம்!

கரும்பின் விலை ஆலையின் சர்க்கரைக் கட்டுமானத்தைப் பொறுத்தது. கட்டுமானம் என்பது ஆலை முழுவதற்கும் ஒரே கணக்கு. வாசலில் நிற்கும் வண்டிகளும் கழுவாத உருளையும் எல்லார் மடியிலும்தான் கை வைக்கும். எந்தப் பெப்டைடு வந்தாலும், வெட்டிய கரும்பைக் காக்க வைக்காமல் அரைப்பதுதான் முதல் மருந்து.