துடுப்பிற் செவி வைத்தல்: மட்டக்களப்பு வாவிக்கரையும் சிறுவர் விஞ்ஞானமும்

விஞ்ஞானக் கல்வியின் வரலாற்றை எழுதப்புகுவோர் பெரும்பாலும் கல்லூரி ஆய்வுகூடங்களிலிருந்தே தொடங்குவர். மட்டக்களப்பைப் பொறுத்தவரை அவ்வரலாறு ஒரு தோணியிலிருந்து தொடங்குதல் தகும் என்பது எமது கருத்து.

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் தெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியிலிருந்து இசை எழுகின்றது என ஊரார் சொல்லக் கேட்டு, காற்றடங்கிய ஒரு நிலவிரவிற் கோட்டைவாயில் துறையிலிருந்து படகேறிச் சென்றார். நனைந்த விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்குங்கால் எழும் ஒலியை ஒத்த மெல்லிய நாதங்கள் நீரிலிருந்து வந்தன. படகின் மரத்திற் செவியை வைத்தபோது அவ்வொலி மிகுந்தது. படகு ஓரிடத்தை விட்டு நீங்கியதும் ஒலி அற்றுப்போயிற்று. மீண்டும் அவ்விடத்துக்கு வந்ததும் கேட்டது. ஆகவே ஒலிப்பன இடம்பெயராது ஓரிடத்தில் உறைவன என அவர் ஊகித்தார். மீனவர் அதனை ஊரியின் அழுகை என்று கூறி, உயிருள்ள ஊரிகளையும் கொணர்ந்து காட்டினர். இவையாவும் 1859இல் வெளிவந்த அவரது இலங்கை பற்றிய நூலிற் பதிவாகியுள்ளன.

இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், தெனன்றின் சோதனையில் விலைகொடுத்து வாங்கிய கருவி எதுவும் இல்லை என்பதே. இடத்தை மாற்றிப் பார்த்தார். செவியை வைக்கும் பொருளை மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நேர்ந்ததைக் குறித்தார். அதற்கு முன்னரே வாவி மீனவர் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைக் காதோடு சேர்த்துக் கேட்டுவந்தனர். அவர்தம் பெயர்களை எந்த நூலும் எழுதிவைக்கவில்லை.

துடுப்பு ஏன் வேண்டும்? நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். காற்றில் 340 மீற்றர் அளவே செல்லும். எனினும் நீரிலிருந்து காற்றுக்குத் தாவும் எல்லையில் ஒலிச்சத்தியின் பெரும்பகுதி திரும்பி நீருள்ளேயே போய்விடுகின்றது. ஆயிரத்தில் ஒரு பங்களவே வெளியேறுகின்றது. மரமோ இவ்வகையில் நீருக்கு அண்மையான பொருள். ஒலி அதனுள் எளிதிற் புகுந்து, காதருகே உள்ள எலும்பை அடைகின்றது. நான்காம் வகுப்புப் பிள்ளை இதனைக் கல்லடிப் பாலம் வரை செல்லாமலே கண்டறியலாம். ஒரு வாளி நீருள் இரு கற்களை மெல்லத் தட்டச்செய்து முதலில் வெறுஞ்செவியாற் கேட்கட்டும். பின்னர் ஒரு கம்பின் நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைக் காதின் முன்னெலும்பில் ஒற்றிக் கேட்கட்டும். வேறுபாட்டைச் சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை.

இவ்வாவிக்கரையிற் பிறந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை ஈண்டு நினைவுகூராது செல்லல் இயலாது. 1892இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளைத் தமிழ்ப் பேராசிரியராகவும் துறவியாகவுமே நாம் போற்றுகின்றோம். அவர் முதலில் விஞ்ஞானம் கற்பித்தவர். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராய்த் தொண்டாற்றி, இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை அவர் நிறுவினார். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். 1947இல் அரங்கேறிய யாழ்நூலில் நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பு கணக்காக விரிகின்றது. அக்கணக்கின் முதற்படி சிறுவர்க்கும் உரியதே. ஒரு மரப்பெட்டியின்மேல் கம்பி ஒன்றை இறுகக்கட்டி மீட்டுக. நடுவிற் குச்சியை நிறுத்திப் பாதியை மீட்டுக. அதே சுரம் மேல்தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கை மீட்டின் சட்சத்துக்கு இயைந்த பஞ்சமம் பிறக்கும். வாவியின் இசையைப் பாடுபொருளாக்கி நீரரமகளிர் பாட்டை இயற்றியவரும் அவரே என்பது தற்செயலன்று எனக் கருதத் தோன்றுகின்றது.

உப்போடை என்னும் பெயரும் ஒரு பாடமே. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆனால் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எமது வாவி கடலும் அன்று, ஆறும் அன்று. மாரியில் வெள்ளம் பெருகி முகத்துவாரத்து மணற்றிடல் வெட்டுண்ணும். கோடையில் நீர் வற்றி உவர்ப்பேறும். பப்பாசி இலைக் குழற்காம்பின் அடியை மெழுகால் அடைத்து, உள்ளே சிறிது மணல் இட்டு, நிமிர்ந்து மிதக்குமாறு செய்து, நீர்மட்டத்திற் கோடிடுக. உவர்ப்பு மிகுந்த நீரில் அது உயர்ந்து நிற்கும், நன்னீரில் அமிழும். மாதந்தோறும் ஒரே துறையில் எடுத்த நீரில் இதனைச் செய்துவரும் வகுப்பு ஓராண்டின் பின் தன் வாவியைப் பற்றித் தானே எழுதிய ஏட்டினைக் கையில் வைத்திருக்கும்.

உலகளவில் இந்நோக்கு நிலைபெற்றமைக்குப் போரும் ஒரு காரணம். இரண்டாம் உலகப்போரிற் பாடசாலைகள் அழிந்த நாடுகளின் ஆசிரியர்க்கென யுனெஸ்கோ தொகுத்த குறிப்புகளே வளர்ந்து, 1956இல் விஞ்ஞானம் கற்பித்தற்கான மூலநூலாக வெளிவந்தன. தகரப்பேணியும் போத்தலும் அங்கே கருவிகளாயின. எமது நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளுக்கு ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தைக் கொணர்ந்தது. 1999இல் நாடெங்கும் பரவிய ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்தைச் சிறுவர்க்கு அளித்தது. பெயர் நல்ல பெயர். எனினும் செயற்பாட்டினையும் மனனஞ்செய்து ஒப்புவிக்கலாம் என்பதை யான் சிறுவயதிலேயே கற்றேன். எமது வகுப்பறையின் யன்னலூடே வாவி தெரியும். யாமோ கரும்பலகையைப் பார்த்து ‘அவதானம், முடிவு’ என எழுதிக்கொண்டிருந்தோம்.

கற்பலகையும் புத்தகமும் பிழைக்கும் இடமும் உண்டு. நண்பகலில் நிழல் வடக்கே விழும் எனக் குளிர்நாட்டு நூல்கள் கூறும். அங்கு அது மெய். மட்டக்களப்போ பூமத்தியகோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைந்த தொலைவில் உள்ளது. முற்றத்தில் ஒரு கோலை நட்டுப் பார்க்கும் பிள்ளை, ஏப்ரல் முற்பகுதியில் ஒரு நண்பகலில் நிழல் மறைவதையும், அதன்பின் செப்டெம்பர் முற்பகுதி வரை நண்பகல் நிழல் தெற்கே விழுவதையும் காணும். எழுவான்கரை, படுவான்கரை என நிலத்துக்கே ஞாயிற்றின் வழியாற் பெயரிட்ட மக்களின் பிள்ளைகள், தம் நிழலைப் பிறர் நாட்டு நூலிற் கற்பது விந்தையே.

வாவியின் ஒலிக்கு மீள்வோம். 1950களில் அர்ச். மிக்கேல் கல்லூரியைச் சார்ந்த அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் அதனைப் பதிவுசெய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. ஒலிப்பது மீனா ஊரியா என்னும் வழக்கு அதனாலும் தீர்ந்தபாடில்லை. மீன்களுட் சில காற்றுப்பையைத் தசைகளால் அதிரச்செய்து ஒலியெழுப்புவன என்பது உறுதி. தெனன்றோ ஒலி இடம்பெயரவில்லை என்பதைக் கொண்டு ஊரியின் பக்கம் சாய்ந்தார். இதற்குள் போர் வந்தது. 2009இல் அது முடியும்வரை, இரவில் வாவியில் இறங்குதல் பல்லாண்டுகள் எளிதாயிருக்கவில்லை. ஆதலாற் பாடுமீன் நாட்டிற் பிறந்தும் பாட்டைக் கேளாத ஒரு தலைமுறை வளர்ந்தது. அத்தலைமுறையினரே இன்று பல வகுப்புகளில் ஆசிரியராய் நிற்கின்றனர்.

அவர்கள் கேளாததை மாணாக்கர் கேட்கலாம். ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடைப்பட்ட முழுநிலா இரவொன்றில், நீரறிந்த மீனவர் ஒருவரும் பெற்றோரும் உடன்வர, ஒரு தோணியும் ஒரு துடுப்பும் போதும். ஒலி கேட்ட இடம், நேரம், நீரின் உவர்ப்பு, தோணி நகர்ந்தபோது ஒலி நின்றதா என்பவற்றை அவர்கள் குறிக்கட்டும். குழற்காம்பை மறவாது எடுத்துச் செல்லட்டும்.