மாத்திரைப் போதையும் பள்ளி மாணவரும் (சென்னை)

மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய வலிநிவாரணிகளையும் தூக்க மாத்திரைகளையும் பதின்வயதினர் போதைக்காகவோ பதற்றத்தை அடக்கவோ உட்கொள்ளும் பழக்கம். சென்னைக் காவல்துறை வழக்குகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டேபென்டடால். அது அபின்போல் செயல்படும் ஓபியாய்டு வகை வலிநிவாரணி. தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சை ஒடுக்கி உயிரைப் பறிக்கக்கூடும். நைட்ரசெபம், அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்றத் தணிப்பு மாத்திரைகள் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள, மருந்து விதிகளின் எச்-1 அட்டவணையில் அடங்கும்: மருத்துவர், நோயாளி பெயர்களையும் அளவையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். மாணவர் பையைத் துழாவும் வேகம் இந்தப் பதிவேட்டைப் புரட்டுவதில் இருந்தால் நல்லது.

பழக்கத்துக்குப் பின்னே பல சமயம் உறக்கமின்மை, மனச்சோர்வு, தேர்வு அச்சம். இந்த அச்சத்தைக் குறைக்கும் வகையில், பொதுத்தேர்வில் மாநில முதலிடப் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது; தோற்றவர்க்கு அதே ஆண்டில் துணைத்தேர்வும் உண்டு. மனம் விட்டுப் பேச உதவியும் உண்டு: நந்தனத்தை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவினார். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். நாள்தோறும் தூக்க மாத்திரை உட்கொண்டவர் அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால் மருத்துவர் மேற்பார்வை தேவை.